கூட வந்தவர் கையில் இருக்கும் உரிமை

புற்றுநோய்ப் பிரிவில் பெயர் பதியப் போனால், "கூட யார் வந்திருக்காங்க?" என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். அதில் பரிவு இருக்கலாம். ஆனால் அது முதலில் நிர்வாகத் தேவை. ரத்தக் குழாயை ஆய்வகத்தில் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். காப்பீட்டு மேசையில் வரிசை நிற்க, மருந்துச் சீட்டோடு கீழ்த்தளத்துக்கு ஓட, ஸ்கேன் அறிக்கை வாங்க, படிவத்தில் கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். மருத்துவமனை மொழியில் அவர் பெயர் 'அட்டெண்டர்'. சம்பளம் கிடையாது, இருக்கை கிடையாது. ஆனால் நோயாளியின் உரிமை என்று சட்டம் எதையெல்லாம் சொல்கிறதோ, அதெல்லாம் நடைமுறையில் இவர் கையில்தான் இருக்கிறது.

அந்த உரிமைகளின் பட்டியல் ஒன்றும் சின்னதல்ல. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், மருத்துவ நெறிமுறை விதிகள், மனித உரிமை ஆணையத்தின் சாசனம், மாநிலக் காப்பீடு, ரயில் சலுகை, வரிக் கழிவு, இ.எஸ்.ஐ. உதவித்தொகை என்று அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் பெற ஒரு சான்று, ஒரு முத்திரை, ஒரு மேசை உண்டு. நடக்கத் தெம்பும், எழுதப் படிக்கத் தெரிந்த துணையும், ஒருநாள் கூலியை விட வசதியும் உள்ளவரை மனதில் வைத்தே இவை எழுதப்பட்டிருக்கின்றன. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணிப்புப்படி 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14.6 லட்சம் பேர். வாழ்நாளில் ஒன்பது பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும். அத்தனை பேருக்கும் ஓட ஆளிருக்கும் என்று நம்புவது கடினம்.

முதல் உரிமை தன் நோயைத் தான் அறிவது. இங்கேதான் நோயாளி முதன்முதலாகக் காணாமல் போகிறார். பயாப்சி முடிவு வந்ததும் மகனோ மருமகனோ மருத்துவரின் அறைக்குள் முந்திக்கொண்டு நுழைகிறார். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாங்க." மருத்துவர் தலையசைக்கிறார். அம்மாவிடம் 'கட்டி' என்றும் 'புண்' என்றும் சொல்லப்படுகிறது. கோப்பு மகனின் பையில் போய்விடுகிறது. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. கரண்டு வைக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கொட்டும் முடியும் சொல்லிவிடும். தெரிந்ததைத் தெரியாததுபோல் அவர் நடிக்க, தெரியாது என்று நம்புவதுபோல் வீடு நடிக்கும்.

வீட்டார் செய்வதை வெறும் அடக்குமுறை என்று தள்ளிவிட முடியாது. பயமும் பாசமும் கலந்த காரியம் அது. மருத்துவ விதியே அதற்கு இடம் வைத்திருக்கிறது. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, நோயின் தீவிரத்தை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கிறது. அடுத்த மூச்சிலேயே, நோயாளி, உறவினர் அல்லது பொறுப்பான நண்பர்கள், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எது நலமோ அந்த அளவுக்கு அறிந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்கிறது. நோயாளியும் உறவினரும் ஒரே வரியில், சம அந்தஸ்தில். இந்த வாக்கியத்தின் நிழலில்தான் இத்தனை ரகசியங்களும் நடக்கின்றன.

தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. "எல்லாம் என் பையன்கிட்ட சொல்லுங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அது அவர் முடிவு. பையன் முந்திக்கொண்டு சொன்னால் அது பையனின் முடிவு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், யாரிடம் சொல்லலாம் என்று பரிசோதனைக்கு அனுப்பும்போதே நோயாளியைக் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குச் சட்டம் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம் இல்லை என்பதே உண்மையான தடை. சொல்லாமல் விடுவதன் விலையும் பெரியது. கீமோ தொடங்குமுன் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைக்க வழியுண்டு என்பது திருமணமாகாத இருபத்து மூன்று வயதுக்காரருக்குச் சிகிச்சைக்கு முன் தெரிந்தாக வேண்டும். பின்னால் தெரிந்து பயனில்லை.

சம்மதத்தின் கதையும் இதேதான். 1995இல் டெல்லியில் 44 வயதான, மணமாகாத ஒரு பெண் உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்ப்பதற்குச் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர் நோயாளியாக இருக்கும்போது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வேறு எவருடைய சம்மதமும் செல்லாது, பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் வெட்டுவதற்கான சம்மதம் ஆகாது. இழப்பீடு 25,000 ரூபாய். அவருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் மார்பிலோ வயிற்றிலோ கட்டியென்று மேசையில் படுப்பவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கும் இதுவே சட்டம். அதே தீர்ப்பு இன்னொன்றையும் செய்தது. நோயாளி என்ன தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதை அளவுகோலாக வைக்கும் அமெரிக்க முறை இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கியது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மருத்துவத் துறையின் வழக்கமே தீர்மானிக்கும் என்று விட்டுவிட்டது. வாசலைத் திறந்துவிட்டு விளக்கைப் போடாத தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆராய்ச்சியில் இது இன்னும் கூர்மையாகிறது. 1999-2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் சிலரது கட்டிகளில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய ரசாயனங்கள் செலுத்திப் பார்க்கப்பட்டன. தாங்கள் சோதனையில் இருக்கிறோம் என்பது அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை என்ற செய்தி 2001இல் நாடெங்கும் பேசப்பட்டது. உரிய நெறிமுறை அனுமதி பெறாமல் நடந்த சோதனை என்று அந்தப் பல்கலைக்கழகமே பின்னர் ஒப்புக்கொண்டது.

திண்டுக்கல் மாவட்டக் கதை வேறு வகை. அங்கே 2000 முதல் கிராமங்களை இரண்டாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதியில், கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. மறுபாதியில் வழக்கமான கவனிப்பு. அன்றைய கிராமத்தில் வழக்கமான கவனிப்பு என்றால் பரிசோதனையே இல்லை என்று அர்த்தம். கருப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் மரணத்தை இந்தப் பரிசோதனை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2007இல் லான்செட் வெளியிட்டது. ஏழை நாடுகளுக்கு அது பெரிய கொடை, அதில் ஐயமில்லை. ஆனால் பாப் ஸ்மியர் உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தபோது, மறுபாதிப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டு எண்ணலாமா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. என் கணக்கில், கண்டுபிடிப்பின் பயனைக் காட்டி அந்தக் கேள்வியை அடைத்துவிட முடியாது. இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகள் இழப்பீட்டையும் சம்மதத்தையும் இறுக்கியிருக்கின்றன. அவையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் ஒருவரைத்தான் மனதில் வைத்திருக்கின்றன.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும் என்பது 2002 விதி. அதே விதி உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது. ஏழாம் ஆண்டில் திரும்பி வரக்கூடிய நோய்க்கு மூன்றாண்டுக் கணக்கு எதற்கு ஆகும்? ஆகவே அறிக்கைகளின் நகலோடு பயாப்சி சில்லும் மெழுகுக் கட்டையும் எங்கே இருக்கின்றன என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வேறொரு மருத்துவரின் கருத்தை நாட வேண்டுமானால் அவைதான் முதலில் தேவைப்படும். மாற்றுக் கருத்து பெறுவது, மருந்தை விரும்பிய கடையில் வாங்குவது, பணம் கட்டவில்லை என்பதற்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பது எல்லாம் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உண்டு. பதினேழு உரிமைகள். மத்திய அரசு 2019இல் அவற்றில் பதின்மூன்றை மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது. சுவரில் ஒட்டலாம், வழக்குப் போட முடியாது என்ற அளவில்தான் பல இடங்களில் அது நிற்கிறது. மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்கச் சொல்லி வற்புறுத்துவதை எதிர்த்து, மார்பகப் புற்றுநோய் வந்த ஒருவரின் குடும்பம் போட்ட வழக்கில் 2025 மார்ச்சில் முடிவு வந்தது. பிரச்சினை உண்மை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. தீர்வை மாநிலங்களின் கொள்கைக்கு விட்டது.

பணத்துக்கு வருவோம். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், காசில்லாதவர் என்பதால் ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பழக்கத்தைத் தமிழ்நாட்டில் வேரூன்ற வைத்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதைக் கட்டிக் காத்தார்கள். பின்னால் அரசுக் காப்பீடு வந்தது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். வடமாநிலங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனாலும் அறுவைச் சிகிச்சையின் கட்டணத்தைத் திட்டம் கட்டுகிறதே தவிர, ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து ஆறு வாரம் கதிர்வீச்சு எடுப்பவரின் அறை வாடகையையும், கூட வந்தவர் இழந்த கூலியையும் கட்டுவதில்லை. மாத வருமானம் பதினைந்தாயிரம் உள்ள வீடு வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. ரயில்வே தாராளம்: தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டண விலக்கு, துணைக்கு 75 விழுக்காடு. அதற்கும் மருத்துவமனையில் குறிப்பிட்ட படிவம் வாங்க ஒரு ஆள் போக வேண்டும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2019இல் 'கேவட்' என்ற பெயரில் ஒரு பயிற்சி தொடங்கியது. நோயாளியை மேசைக்கு மேசை வழிநடத்திச் செல்வதற்கென்றே சம்பளம் பெறும் ஆட்களை உருவாக்கும் பயிற்சி. துணைக்கு ஆளில்லாதவருக்கு மருத்துவமனையே ஆள் தருவது என்பதைவிட நேரடியான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் இப்படி இருவரை வைப்பது ஒரு சிடி ஸ்கேன் எந்திரத்தைவிட மலிவு.

எந்த நோயாளியும் மேசையில் மனுப் போடாமலே வீடு தேடி வந்த ஒரு உரிமையும் உண்டு. அதன் கதை சென்னையில் தொடங்குகிறது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு அன்றாடம் விழுங்க வேண்டிய மாத்திரை இமாட்டினிப். கிளிவெக் என்ற பெயரில் நோவார்ட்டிஸ் விற்றது. அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் வந்தது. நிறுவனத்தின் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் சுமார் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்கு அதே மருந்தைத் தந்தன. புற்றுநோயாளிகளுக்காக உழைக்கும் மும்பைச் சங்கம் ஒன்று, கேன்சர் பேஷண்ட்ஸ் எய்டு அசோசியேஷன், காப்புரிமை தரக் கூடாது என்று எதிர்மனுப் போட்டது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிதாகக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; 2007இல் அங்கும் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கதவை மூடியது.

இதற்கு ஓராண்டு முன்பு, 2012 மார்ச்சில், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோராஃபினிப்பைத் தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. காப்புரிமை வைத்திருந்த பேயரின் மாத விலை 2,80,428 ரூபாய். நாட்கோவுக்கு விதிக்கப்பட்ட உச்ச விலை 8,880. இந்தத் தீர்ப்புகளின் பயனைப் பெற எந்த நோயாளியும் வரிசையில் நிற்கவில்லை, சான்று வாங்கவில்லை. விலை இறங்கியது, அவ்வளவுதான். 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாப வரம்பு 30 விழுக்காடாகக் கட்டப்பட்டதும், நாட்டின் பல புற்றுநோய் மருத்துவமனைகள் கைகோத்து 40 மருந்துகளை மொத்தமாக வாங்கியதும் இதே வழியில் வந்த வேலைகள். ஆனால் கட்டாய உரிமம் அந்த ஒன்றோடு நின்றுவிட்டது. லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் புதிய நோயெதிர்ப்பு மருந்துகள் வந்தபின்னும் அரசு அந்தக் கருவியைத் தொடவில்லை. பேச்சு சுங்க வரி விலக்கோடு முடிந்துவிடுகிறது. மூன்று லட்ச ரூபாய் மருந்தில் வரியைக் கழித்தால் எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

வலி. முற்றிய புற்றுநோயின் வலியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதற்கான மருந்தோ மிக மலிவு. மார்ஃபின் மாத்திரை சில ரூபாய்தான். அதன் மூலப்பொருளான அபினை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் அரசு உரிமத்தோடு விளைவித்து, இந்தியா உலகுக்கே ஏற்றுமதி செய்கிறது. ஆனால் 1985இன் போதைப்பொருள் சட்டம் பத்தாண்டுச் சிறையைக் காட்டி மிரட்டியதில் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைத் தொடாமல் ஒதுங்கின. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி, ஒரு பெட்டி மாத்திரைக்குப் பல உரிமம். 1997இல் இத்தனை பெரிய நாடு முழுவதும் பயன்படுத்திய மார்ஃபின் 18 கிலோ. கடத்தலைத் தடுக்க வந்த சட்டம் நோயாளியின் படுக்கையில் போய் விழுந்தது.

1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்திலிருந்து கேரளம் வேறு பாதை பிடித்தது. ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போனார்கள். 2008இல் அங்கே அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என்று தனியே பிரிக்கப்பட்டன, பல உரிமங்கள் ஒன்றாயின. சட்டத்தில் இருந்த தடை போனது, பயம் போகவில்லை. தாலுகா மருத்துவமனையின் இளம் மருத்துவருக்கு மார்ஃபின் எழுதிப் பழக்கமில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சேவையும் தருவதாகத் திட்டமிடப்பட்டது. நல்ல சட்டகம். வரும் செவிலியரின் பையில் மார்ஃபின் இருக்கிறதா என்பதைத்தான் ஊர் ஊராகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இறுதி நாள்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் பேசியது. மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளை மறுக்கவும், அதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றது. அந்த ஆவணத்தில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையால் அது ஏட்டளவில் நின்றது. 2023 ஜனவரியில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். நினைவு தப்பிய பின் தன் சார்பில் பேச நெருங்கியவர்களின் பெயரையும் எழுத வேண்டும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலான மரணங்கள் இந்தப் பாதையில் போவதில்லை. "இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார்கள். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துப் போவதாக உறவினர் எழுதிக் கொடுப்பார். ஆம்புலன்ஸ் வரும். மருத்துவமனைக் கணக்கில் அந்த மரணம் சேராது. வலிக்கு மருந்தும் வீட்டுக்கு வராது. கருவியை நிறுத்தும் உரிமையை இவ்வளவு நுணுக்கமாக வகுத்த நாடு, வீட்டில் வலியின்றிச் சாவதற்கு ஒரு மாத்திரைப் பட்டையைக் கொடுத்தனுப்ப இன்னும் பழகவில்லை.

பிழைத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறார்கள். சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவருக்கு நோய்க்கு அடுத்த சுற்று காத்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால் இரண்டாண்டுவரை கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். இதை அறியாமல் முதல் மாதமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் அதற்கு வெளியே. தொடர் நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது, அதற்கான இழப்பீடும் இல்லை என்று 1947இன் தொழில் தகராறு சட்டம் வகுத்து வைத்தது. மாற்றுத்திறனாளர் சட்டம் 2016இல் திருத்தி எழுதப்பட்டபோது குரல்வளை அகற்றப்பட்டவரைப் பேச்சுக் குறைபாட்டில் சேர்த்தார்கள். கை காலை இழந்தவருக்கும் இடமுண்டு. மார்பை இழந்தவருக்கும், வயிற்றில் பையோடு வாழ்பவருக்கும், கீமோ முடிந்து இரண்டாண்டாகியும் மதியத்துக்கு மேல் உட்கார முடியாதவருக்கும் இடமில்லை. வெளியே தெரிகிற இழப்பைத்தான் சட்டத்துக்கு எண்ணத் தெரியும்.

2017இல் நாடாளுமன்றம் இரண்டு நோய்களுக்குத் தனித்தனியே கவசம் தந்தது. எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலோ காப்பீட்டிலோ பாகுபடுத்தக் கூடாது என்றது ஒரு சட்டம். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் பின்னால் பல்லாண்டு காலம் தெருவில் நின்ற அமைப்புகள் இருந்தன. புற்றுநோய்க்கு நன்கொடை திரட்டும் ஓட்டப்பந்தயங்கள் நடக்கின்றன, பிங்க் ரிப்பன் குத்திக்கொள்கிறோம். பாகுபாட்டுக்கு எதிராக ஒரு மசோதாவுக்கு வேண்டிய அளவு யாரும் கூச்சலிட்டதாகத் தெரியவில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் மறைக்கப்படும்போது கூச்சலிட ஆள் எங்கிருந்து வருவார்?

பிரான்சில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. சிகிச்சை முடிந்து பத்தாண்டு கழிந்தவர், வீட்டுக்கடனுக்கான காப்பீட்டுப் படிவத்தில் தனக்குப் புற்றுநோய் இருந்ததைச் சொல்லவே தேவையில்லை. 2022இல் அதை ஐந்தாண்டாகக் குறைத்தார்கள். பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி என்று வரிசையாக மற்ற நாடுகளும் தங்களுக்கேற்ற வடிவில் பின்தொடர்ந்தன. இங்கே 2024இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் சில தளர்வுகளைத் தந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்றாண்டு. ஐந்தாண்டு தொடர்ந்து தவணை கட்டிய பின், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் விண்ணப்பத்தில் உள்ள கேள்வி அப்படியே இருக்கிறது. ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து குணமாகி, இருபத்தெட்டு வயதில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டுக்கடனுக்கு மனுச் செய்யும் ஒருவர் 'ஆம்' என்று எழுதினால் தவணை கூடலாம், விண்ணப்பமே திரும்பலாம். 'இல்லை' என்று எழுதி, முதல் சில ஆண்டுகளுக்குள் அவர் இறந்துபோனால், அந்தப் பழைய கோப்பைத் தேடிப்பிடிக்கும் வேலையைக் காப்பீட்டு நிறுவனமே செய்துகொள்ளும்.